இருபத்தெட்டாம் நாள்

புனேயில் முப்பது வருஷம் குப்பை கொட்டியும் விச்சுவுக்கு மராத்தியில் இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. அலுவலகத்தில் ஆங்கிலமே போதும். காய்காரி, பால்காரன், ஆட்டோக்காரன் எல்லாம் மனைவி நீலாவின் இலாகா. பேரம் பேசுவாள், சண்டை பிடிப்பாள், கடைசியில் அதே ஆளிடம் வீட்டு நலம் விசாரித்துவிட்டு வருவாள். விச்சு பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பார்.

அந்த நீலா போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. விச்சு அழவில்லை. திடமான மனுஷர் என்று, விமானப்படைத் தளத்தை ஒட்டிய லோஹேகாவ் காலனியில் பேர் வாங்கிவிட்டார். திடமாவது ஒன்றாவது! பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளுக்குள் மரத்துக் கிடந்தார், அவ்வளவுதான். காலையில் எழுவார், தட்டில் விழுந்ததைச் சாப்பிடுவார், டிவி முன்னால் உட்காருவார். அது ஓடுகிறதா இல்லையா என்பதுகூட அவருக்குப் பொருட்டில்லை.

மகள் தீப்திக்கு ஹைதராபாத்தில் நல்ல வேலை கிடைத்தது. அப்பாவை இந்தக் கோலத்தில் விட்டுவிட்டு அவள் எப்படிப் போவாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரவாடாவிலிருந்து இரண்டு கம்பிக் கூண்டுகளும் ஒரு ஜோடி முயலும் பால்கனியில் வந்து இறங்கின.

"அப்பா, இதுங்க குட்டி போட்டு, நீ அதுங்களைப் பெருசு பண்ணினா நான் ஜாயின் பண்றேன். இல்லேன்னா நோ சொல்லிடுவேன். பக்கா."

பெண் பிழைப்பைக் கெடுக்க வேண்டாமே என்று தலையாட்டி வைத்தார். முயல் மேல் ஆசையெல்லாம் இல்லை. அவருக்கு எதன் மேலும் இல்லை.

முயல் விற்ற சுஷ்மா தாயி போனில் இந்தியும் மராத்தியும் கலந்து பாடம் எடுத்தாள். பெண் முயலைத்தான் ஆண் கூண்டுக்குள் விட வேண்டும், மாற்றிச் செய்தால் சண்டை வரும். காய்ந்த புல் எந்நேரமும் இருக்கட்டும். முட்டைக்கோஸை அள்ளிப் போடாதே, வயிறு ஊதிவிடும். சேர்த்து விட்டதிலிருந்து "அட்டாவீஸ் திவஸானி" கூண்டுக்குள் குட்டி போடப் பெட்டி வைத்துவிடு. விச்சு ஒவ்வொன்றுக்கும் "ஹோ, ஹோ" என்றார். அட்டாவீஸ் என்றால் எத்தனை நாள் என்று திரும்பிக் கேட்க நீலா பக்கத்தில் இல்லை. முப்பத்தெட்டாகத்தான் இருக்கும் என்று அவரே தீர்மானித்து, காலண்டரில் நாளை எண்ணி வட்டம் போட்டார்.

சேர்த்து விட்ட முப்பத்தோராம் நாள், ஜனவரிக் குளிர். பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தவர் பால்கனிப் பக்கம் பார்த்தார். கம்பித் தரையில் விரல் நீளத்துக்கு ஐந்து குட்டிகள், முடியே இல்லாமல், ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. தாய் முயல் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஒன்றைத் தொட்டார். ஐஸ் மாதிரி இருந்தது.

"பெட்டி கஹாங் ஹை, காகா?" என்றாள் சுஷ்மா தாயி போனில்.

"பெட்டிக்கு இன்னும் ஏழு நாள் இருக்கே," என்று தன் ஓட்டை இந்தியில் சொன்னார்.

"காகா! அட்டாவீஸ்! ட்வென்டி எய்ட்!"

திட்டி முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். எல்லாவற்றையும் எடுத்து உடம்போடு அணைத்துக்கொள். முதல் பிரசவம், தாய்க்குத் தன் முடியைப் பிடுங்கி மெத்தை போடத் தெரியவில்லை. நீ மெத்தென்று எதையாவது போட்டுப் பெட்டி தயார் செய். ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். ஜில்லென்று இருக்கும் குட்டியைச் செத்துவிட்டது என்று சொல்லாதே. சூடான பிறகும் அசையாவிட்டால்தான் செத்தது.

விச்சு ஐந்தையும் பனியனுக்குள் விட்டுக்கொண்டார். வயிறு குளிரில் சுருண்டது.

"தீப்தி! பெட்டி கொண்டா! பஞ்சு!"

பதினோரு மாதத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு குரல் எழும்பியதில்லை. தீப்தி தூக்கக் கலக்கத்தில் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியோடு ஓடி வந்தாள். அதற்குள் விச்சு படுக்கையறைக்குப் போய்விட்டார். வீட்டில் இலவம்பஞ்சு இருந்தது ஒரே தலையணையில்தான், நீலாவின் தலையணையில். கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்தது. மே மாதம் தவறாமல் மொட்டைமாடி வெயிலில் காயப்போடுவாள். அவள் போன பிறகு ஒரு தடவை தீப்தி உறையைத் துவைக்கக் கழற்றியபோது, பிடுங்கித் திரும்ப மாட்டிவிட்டார்.

"அப்பா, அது வேண்டாம். என் ஸ்வெட்டர் தரேன்."

காய் நறுக்கும் கத்தியால் அவர் தையலைக் கிழித்தாயிற்று. பஞ்சு பறந்தது. நீலா தலைக்குத் தடவும் எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. அள்ளி அள்ளிப் பெட்டியில் போட்டார்.

பால்கனித் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். முதலில் ஒன்று வயிற்றில் நெளிந்தது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றாக நான்கும் பஞ்சுக்குள் போய்ப் புதைந்துகொண்டன. ஐந்தாவது மட்டும் அவர் உள்ளங்கையில் கிடந்தது.

"விட்டுடுப்பா. போயிடுத்து."

"இன்னும் ஜில்லுனு இருக்குடி. ஜில்லுனு இருக்கறச்சே சொல்லப்படாது."

வாயை வைத்து ஊதினார். இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். ஒரு போர் விமானம் கிளம்பி ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்து அடங்கியது. வெயில் கம்பி வழியாக உள்ளே வந்தது. குட்டி அவர் கைச் சூட்டுக்கு வந்துவிட்டது. அசையவில்லை.

"இப்போ சூடாயிடுத்து," என்றார். "போயிடுத்துடி."

சொல்லும்போதே அவர் முகம் கோணியது.

"அம்மா காலும் ஜில்லுனு இருந்துது, ஆஸ்பத்திரில. நான் தேய்ச்சே விடலைடி. நீட்டின பேப்பர்லயெல்லாம் கையெழுத்துப் போட்டுண்டிருந்தேன்."

விச்சு அழுதார். மீசையில் ஒட்டிய பஞ்சோடு, எதிர் பால்கனிக்குக் கேட்கிற மாதிரி, வாய்விட்டு அழுதார்.

வெறுந்தரையில் இத்தனை நேரம் நீட்டியிருந்த அவர் கால்கள் சில்லிட்டுக் கிடந்தன. தீப்தி இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள்.