வெண்ணிலா இருந்த இடம்

சாவு வீடுகளில் கானா பாடிய ஏரிக்கரைக் கண்ணப்பன் செத்து மூன்று வருஷம் ஆகியும் அவன் கட்டிய பாட்டு சாகவில்லை. பழவேற்காட்டுக் குப்பங்களில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அதைத்தான் பாடினார்கள். ஷேர் ஆட்டோவில் ஓடியது. படகில், இன்ஜின் சத்தத்தையும் மீறி ஓடியது. அவன் பெண்டாட்டி முனியம்மா மட்டும் அதைக் கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

அது அவள் மகளுக்குக் கட்டிய பாட்டு. வெண்ணிலா, ஆறு வயதில் காய்ச்சலில் போனவள். குழிமேட்டில் நின்று கண்ணப்பன் அடிவயிற்றிலிருந்து பாடியபோது முனியம்மா வீட்டில் நினைவில்லாமல் கிடந்தாள். அடுத்த மாதமே வேறொரு சாவு வீட்டில், மகள் பேரை எடுத்துவிட்டு ஒரு கிழவன் பேரைப் போட்டுப் பாடினான். சாவுக் கானாவில் அதுதான் வழக்கம். செத்தவர் பேர் பாட்டில் வந்தால்தான் வீட்டார் வாய்விட்டு அழுவார்கள்.

"சோறு போடுற பாட்டும்மே. பொத்தி வெச்சிக்கவா முடியும்?" என்றான். அன்றோடு இருவருக்கும் பேச்சு அறுந்தது. கடைசியில் அவன் பாடைக்கு முன்னால் அவன் பேரையே போட்டுப் பாடினார்கள். பாட்டில் யார் யார் பேரோ ஏறி இறங்கிய அந்த இடத்தில் மகள் பேரை அவள் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

போன வாரம் காசியம்மாள் செத்தாள். ஊரில் பெரிய வீடு. மீஞ்சூரிலிருந்து லோகேஷின் கானா செட்டைக் கூட்டிவந்தார்கள். முனியம்மா இடுப்பளவு தண்ணீரில் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஏரி வரைக்கும் வந்தது. வழக்கம்போல் விலகிப் போகாமல் அன்றைக்குக் கரையேறினாள்.

பிணம் எடுத்த பிறகு பந்தலுக்குப் பின்னால் லோகேஷ் டீ குடித்துக்கொண்டிருந்தான். போய் நின்றாள்.

"இன்னா அண்ணி, நீயா? அண்ணன் பாட்டுதான் எனக்குக் கஞ்சி ஊத்துது. அவரு எங்க செத்தாரு? ஊர் வாயில கீறாரு."

"அவன் கீறான். எம் பொண்ணு இல்லியே."

"எந்தப் பொண்ணு?"

அவனுக்கே தெரியவில்லை. சொன்னாள். டோலக்கு அடிக்கும் வினோத் டம்ளரைக் கீழே வைத்தான். "நானு அண்ணன் அவங்கம்மாவுக்குக் கட்னதுன்னு நெனைச்சினு இருந்தேன்."

"வெண்ணிலான்னு ஒருதரம் பாடு, லோகேஷு. இந்த போன்ல புடிச்சிக்கிறேன்."

"இங்கயா? சாவு ஊட்ல வேற பேரு சொன்னா, டோலக்க என் மண்டையிலயே ஒடைப்பானுங்க."

"கரைக்கு வா. படகுக்கு இன்னா காதா கீது?"

வந்தார்கள். கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு நடுவில் வெயிலில் நின்று லோகேஷ் கண்ணை மூடினான். முனியம்மா பட்டன் போனை அவன் வாயருகே நீட்டினாள்.

"ஏரித் தண்ணி வத்துனா நண்டு சேத்துல பூந்துக்கும்... நீ எந்தச் சேத்துல பூந்துகின, வெண்ணிலா?"

அவள் மறுகையால் படகைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது அடியிலும் வெண்ணிலா வந்தாள். மூன்றாவது அடியில் லோகேஷ் குரலை உடைத்து, உருகி, "நீ எந்தச் சேத்துல பூந்துகின, காசியம்மா?" என்றான். காலையிலிருந்து அந்தப் பேரையே பாடிய வாய். பேர் மாறியது அவனுக்குத் தெரியவில்லை. வினோத்துக்கும் தெரியவில்லை. பாட்டு முடிகிறவரைக்கும் காசியம்மாள்தான் வந்தாள்.

"நல்லா வந்துச்சா அண்ணி?" கண்ணைத் துடைத்துக்கொண்டான். அழுதிருந்தான்.

வேன்காரன் ஹாரன் அடித்தான். சுண்ணாம்புக்குளத்தில் இன்னொரு சாவு காத்திருந்தது.

"வந்துச்சு. நீ கெளம்பு," என்றாள்.

வேன் போனபின் படகு நிழலில் உட்கார்ந்து பாட்டைப் போட்டாள். மூன்றாம் அடியில் 'பூந்துகின' என்ற சொல் வந்ததும், பேர் வருவதற்குள், பொத்தானை அமுக்கி நிறுத்திவிட வேண்டும். முதல் தடவை தவறிப்போய், காசியம்மாள் வந்துவிட்டாள். அடுத்த தடவை ரொம்ப முன்னாலேயே அமுக்கிவிட்டாள்.

கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.