ஏழாம் பாத்தியின் மறுமொழி

மரக்காணம் உப்பளத்தில் ஏழாம் பாத்தியில் மட்டும் மூன்று வருஷமாக உப்பு சீன எழுத்தில் விளைகிறது. பக்கத்துப் பாத்திகளில் எப்போதும்போல் வெறும் கல்லுப்புதான். முதல் வாரம் கூட்டம் கூடியது, செல்போனில் படம் பிடித்தது. ஜப்பான்காரன் வேலை என்று ஒருவர் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். இரண்டாம் வாரம் ஊரில் ஒரு கல்யாணம் வந்தது, எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். திண்டிவனத்து வியாபாரி ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்து, "எழுத்தா இருந்தா என்னாம்மா, கரிக்குதுல்ல?" என்று மூட்டை கட்டச் சொல்லிவிட்டான்.

அந்தப் பாத்தியை வாருகிறவள் வைஜெயந்தி. எழுத்து விளைவதற்கு முந்தின ஐப்பசியில்தான் அவள் புருஷன் தங்கராசு வேலை பார்த்த சரக்குக் கப்பல் சீனக் கடலில் புயலில் கவிழ்ந்தது. பதினோரு பேர் கரையேறினார்கள். தங்கராசுவைக் காணோம் என்று ஒரு கடுதாசி வந்தது. காணோம் என்றால் இருக்கிறாரா இல்லையா என்று எந்த ஆபீஸிலும் சொல்லத் தெரியவில்லை. தங்கராசுவின் அண்ணன் ராமதாஸ் மட்டும் முடிவு கட்டிவிட்டார். கருமாதி செய்து, தாலியைக் கழற்றி, காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று நின்றார். அவரும் கெட்டவர் இல்லை, தம்பி கரையேறாமல் அலைகிறானே என்ற தவிப்பு. வைஜெயந்தி ஒரே பேச்சுதான் பேசினாள்: "பொணத்தக் காட்டுங்க மாமா, கழட்டிடறேன்."

எழுத்தைப் படித்தவள் அஸ்வினி. செல்போன் கம்பெனியில் சீன இன்ஜினியர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்து, வேலை போய் ஊருக்கு வந்திருந்த பெண். வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகப் படித்தாள். "பாட்டுக்கா இது. படகு இல்லாத துறை, வாடைக்காத்து, அப்டின்னு வருது." அங்கே படித்தவர்கள் தூரத்தில் இருக்கும் சிநேகிதருக்குப் பாட்டு எழுதி அனுப்புவார்களாம், வாங்கியவர் அதே சந்தத்தில் பதில் பாட்டு அனுப்புவதுதான் மரியாதையாம். "பதில் போடலன்னா தப்பாடி?" என்று வைஜெயந்தி கேட்டாள். மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கருவாட்டுக் குழம்போடு அஸ்வினி வீட்டுக்குப் போய் எழுத்து கற்றாள். ஒரு கோடு முன்னே பின்னே போனால் அர்த்தமே மாறிவிடும் எழுத்து அது, அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அடுத்த சித்திரைக்குள் முந்நூறு எழுத்து கைக்கு வந்தது. உப்பு வாரும் பலகையின் காம்பால் உப்புத்தண்ணீருக்கு அடியில் சேற்றில் எழுதுவாள். மறுநாள் பதில் விளைந்திருக்கும். மழைக்காலத்தில் மட்டும் பேச்சு நிற்கும்.

அப்படி இரண்டு வருஷம் காற்றையும் மூடுபனியையும் பற்றியே எழுதிக்கொண்டிருந்தவள், போன வைகாசியில் துணிந்து கேட்டாள்: என் வீட்டுக்காரர் எங்கே? மறுநாள் ஒரே வரி விளைந்தது. கடலில் எத்தனையோ பேருடைய வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், உன்னவர் பெயர் என்ன?

இங்கேதான் சிக்கல். இருபத்திரண்டு வருஷத்தில் வைஜெயந்தி அந்தப் பெயரை உச்சரித்ததே இல்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும். வீட்டில் "நிவேதா அப்பா". ரேஷன் கடையில் கார்டைத் தொட்டுக் காட்டுவாள். காணோம் என்று மனு கொடுக்கப் போன இடத்திலும் போட்டோவைத்தான் நீட்டினாள். ஒரு மாசம் பாத்தியில் பதில் எழுதாமல் கிடந்தாள். ராமதாஸ் ஆடிக்கு முன்னால் ஒரு நாள் குறித்துவிட்டார். அதற்கு மேல் தாங்காமல், உச்சி வெயிலில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஐந்து எழுத்தையும் தமிழிலேயே எழுதிவிட்டு ஓடி வந்தாள்.

மறுநாள் பாத்தி நிறைய எழுத்து. நடுவில் ஐந்து எழுத்து அகலத்துக்கு மட்டும் உப்பே இல்லை, தெளிந்த தண்ணீர் நின்றது. "அவன் பேரு மட்டும் வெளையலியே, தமிழ் தெரியாது போல" என்றார் ராமதாஸ். அஸ்வினி சுற்றியிருந்த எழுத்தை இரண்டு தரம் படித்தாள்.

"அக்கா, அங்க உயிரோட இருக்கறவங்க பேர எழுதுவாங்க. செத்தவங்க பேரதான் மரியாதைக்கு எழுத மாட்டாங்க. எடம் விட்டுடுவாங்க."

வைஜெயந்தி கையிலிருந்த பலகை விழுந்தது. "ஐயோ, நான் எழுதினதாலதானா?" என்று அலறினாள்.

"இல்லக்கா, இல்ல. கப்பல் கவிழ்ந்த மறுநாளே கரையில ஒதுங்கிட்டாராம். வலைக்காரங்க குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, கடலப் பார்த்த மேட்டுல அடக்கம் பண்ணாங்களாம். சுத்தி அதான் எழுதியிருக்குது. நீயே படிச்சுப் பாரு."

படித்தாள். அவளுக்குத் தெரிந்த முந்நூறு எழுத்துக்குள்தான் எல்லாமே இருந்தன. ராமதாஸ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வைஜெயந்தி கிழக்கே கடலைப் பார்த்து, "தங்கராசு!" என்று கூப்பிட்டாள். "ஏ தங்கராசு! தங்கராசு!" அளத்தில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்தினார்கள். இருபத்திரண்டு வருஷத்துப் பெயர், தொண்டை கட்டும்வரை தீரவில்லை.

குறித்த நாளில் கருமாதி நடந்தது. எழுத்து இன்னும் விளைகிறது, வியாபாரி இன்னும் மூட்டை கட்டுகிறான். நடுவில் அந்த ஐந்து எழுத்து இடத்தில் மட்டும் எந்த வெயிலுக்கும் உப்புப் படிவதில்லை. அவள் வராத நாளில் மற்றவர்கள் வாரும்போது அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். வைஜெயந்தி மட்டும் நேராகத்தான் வருவாள். கிட்டே வந்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு, "தங்கராசு, கொஞ்சம் தள்ளிக்க" என்பாள். தண்ணீர் தள்ளிக்கொள்ளும்.