பின்பெட்டியில் வந்த மூன்று வாளிகள்

அன்று ஆராய்ச்சியாளர் லாரிசாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மணலைக் கழுவி எண்ணெய் எடுத்தபின் குளத்தில் தேங்குகிற சேறு, முப்பது வருஷம் காத்திருந்தாலும் தெளியாத அழுத்தக்காரச் சேறு. அவளுடைய மருந்து பட்டதும் அது ஐந்தே நாளில் அடியில் படிந்துவிட்டது. கண்ணாடிக் குழாயில் மேலே ஒரு சாண் தெளிந்த தண்ணீர். ஆறு வருஷ உழைப்பு. மறுநாள் காலை எட்மன்டனில் இருக்கும் அவளுடைய ஆய்வகத்துக்கு எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். இதைப் பார்த்தால் மருந்து போட்டுப் பார்க்க ஒரு குளத்தையே அவளிடம் கொடுத்துவிடுவார்கள்.

காலி வாளிகளை எடுத்துப்போக எல்டன் லபூக்கன் வந்தார். வடக்கே குளத்துப் பனியைத் துளைத்துச் சேறு அள்ளி, வண்டியில் கொண்டுவந்து தருபவர் அவர்தான். அவரைக் கையோடு இழுத்துப் போய்க் காட்டினாள்.

"பாத்தீங்களா எல்டன்? எல்லாம் நீங்க கொண்டாந்த சேறுதான்!"

அவர் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"டாக்டர், ஒண்ணு சொன்னா என்னைக் கொன்னுடுவீங்க."

"சொல்லுங்க, அப்புறம் யோசிக்கிறேன்."

"உறையக் கூடாது, வண்டிக்குள்ளயே வைக்கணும்னு எழுதி ஒட்டியிருந்தீங்க. அன்னிக்கு எம் பொண்ணும் கூட வந்தா, வழியில லாக் லா பீஷ் ஊர்ல அவளுக்கு ஹாக்கி மேட்ச்சு. அந்த நாத்தத்துல அவளுக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. வாளிங்களத் தூக்கி வண்டியோட திறந்த பின்பெட்டியில போட்டுட்டேன். வெளிய மைனஸ் முப்பத்தஞ்சு. காலையில மூணும் கல்லு. எங்க அக்கா வீட்டுல ஹீட்டர் பக்கத்துல ரெண்டு நாளு வெச்சு உருக்கித்தான் கொண்டாந்தேன்."

லாரிசா கண்ணாடிக் குழாயைத் திரும்பிப் பார்த்தாள். உறைந்து உருகினால் இந்தச் சேறு தானாகவே தண்ணீரை விட்டுவிடும். அவள் தொழிலில் அது அரிச்சுவடி. மருந்து போடாத சேற்றை இன்னொரு குழாயில் ஊற்றிப் பக்கத்தில் வைத்திருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். சேறு வீணாகுமே என்று கஞ்சத்தனம் பார்த்து, போன வருஷத்துச் சோதனையோடு ஒப்பிட்டுவிட்டாள் மகராசி.

தொடாத மூன்றாவது வாளியின் மூடியைத் திறந்தாள். ஒரு சொட்டு மருந்து இல்லை. மேலே பளிங்குபோலத் தண்ணீர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

"நீங்க வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும் எல்டன்? உங்க வேலை போயிடுமே!"

"போனாப் போவுது. அந்தக் குளத்துக்குக் கீழ, ஆத்தங்கரையிலதான எங்க வீடு? பனி பண்ணின வேலைய உங்க மருந்து பண்ணுச்சுன்னு நம்பிக் குளத்தத் திறந்துவிட்டாங்கன்னா, நாளைக்கு எம் பொண்ணு ஆத்துல என்ன வரும்?"

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கண் நிறைந்தது. தன் பெயரையும் ஓர் ஆற்றையும் ஒரே மூச்சில் காப்பாற்றிய மனிதரைத் திட்டுவதாவது! கட்டிக்கொண்டாள்.

மறுநாள் எல்லாவற்றையும் சொன்னாள். தன் கஞ்சத்தனத்தைத்தான் முதலில் சொன்னாள். கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். குளம் கிடைக்கவில்லை, இன்னொரு முறை முயன்று பார்க்க அவகாசம் கிடைத்தது. எல்டனின் வேலையும் தப்பியது. அதற்கு அவள் மல்லுக்கு நின்றாள்.

மார்ச்சில் புது வாளிகள் வந்தன, முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு. இந்தத் தடவை இரண்டு குழாய்கள். மருந்து போடாததில் ஒன்றுமில்லை. போட்டதில் நாலு விரல்கடைத் தண்ணீர்.

போட்டோ எடுத்து முதலில் எல்டனுக்குத்தான் அனுப்பினாள். "நாலே விரல்கடை. ஆனா நெஜமான நாலு. உங்களாலதான். நன்றி எல்டன்."

பதில் உடனே வந்தது. "பொண்ணு கேக்குறா டாக்டர், அடுத்த மேட்ச்சுக்கு அவ பஸ்ல போயிக்கட்டுமான்னு."