வெள்ளிக்கிழமை வீடு

தாம்பாளம்போல இரண்டு கைகளிலும் ஏந்திய கண்ணாடிக்குள் வானம் தளும்புகிறது, பல்லாவரம் சந்தைக் கூட்டத்துக்குள் அதைச் சிந்தாமல் நடக்கிறேன், வழிவிடுங்க, கண்ணாடி, கண்ணாடி என்று கத்திக்கொண்டே, இறங்கப்போகிற விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்ந்து போகிறது, அதன் வெள்ளை வயிறு என் கைகளுக்கு நடுவே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நீந்துகிறது, சத்தம் வலது காதில் மட்டும்தான் விழுகிறது, இடது காதைத் தயாளன் எடுத்துக்கொண்டு வெகு நாளாகிவிட்டது, தயாளன் என் கணவன், கல்யாணமான மறுவருடம் அறைந்த ஓர் அறையில் அது போயிற்று, எதற்காக அறைந்தான் என்பது மறந்துவிட்டது, குழம்பில் உப்பு கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம், அறைவதற்கு முன்பு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் பத்திரமாக வைத்தானே, அது மட்டும் மறக்கவில்லை, தன் பொருள்களின் மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

என் பொருள்களின் மேல் இல்லை, அப்பா கடன்பட்டு வாங்கிக் கொடுத்து லாரியில் ஏற்றி அனுப்பிய பொருள்கள் அவை, திருவொற்றியூர் வீட்டில் இறங்கியபோது எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளத்தன, உறையைப் பிரிக்கவே மனம் வராமல் துடைத்துத் துடைத்து வைத்தேன், அவன் பிரித்தான், ஒவ்வொன்றாக, மிக்சி சுவரில் போய் மோதியது, ஷோகேஸ் கண்ணாடிக்குள் என் தலையே போய் மோதியது, முடிக்குள்ளிருந்து அம்மா சீப்பால் பேன் எடுப்பதுபோல நான் சில்லு எடுத்தேன், நீ கொண்டாந்ததத்தானடி ஒடைக்கிறேன், எங்கப்பன் வூட்டுதயா ஒடைக்கிறேன் என்று கேட்பான், பதில் சொன்னாலும் அடி, சொல்லாவிட்டாலும் அடி, என்னை அடித்துக் கை ஓய்ந்தால் பொருள், பொருளை உடைத்து அலுத்தால் நான், நாலு மாதமாக வயிற்றில் இருந்ததும் ஒரு மாலை அந்த வரிசையில் சேர்ந்தது, ஆஸ்பத்திரியில் படியில விழுந்துட்டா என்றான், நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள், எங்கள் வீடு தரைத்தளம், படியே கிடையாது, நான் ஆமாம் என்றேன், திரும்பி வந்து துடைப்பத்தை எடுத்துக் கூட்டினேன், அந்த வீட்டில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பொருள் அந்தத் துடைப்பம்தான், அதை மட்டும் அவன் உடைக்கவில்லை, அது தேவையாக இருந்தது.

பிறகு ஒரு காலையில் அவன் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு நடந்தேன், கைப்பை ஒன்றுதான், ரயிலில் ஏறி ஊரின் இந்தக் கோடிக்கு வந்தேன், பம்மலில் மாடி மேல் ஒற்றை அறை, பக்கத்து அறையில் ரோஸ்லின் அக்கா, அழகு நிலையத்தில் வேலை, ஊரில் உள்ள புருவங்களையெல்லாம் திருத்துகிறவள், வாயைத் திறந்தால் நிறுத்த மாட்டாள், முதல் நாளே எட்டிப்பார்த்து, என்னாடி இது, பாயும் கொடமும் தவிர ஒண்ணுமில்ல, சாமியாரா நீ என்றாள், ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்திருந்தது, நாளெல்லாம் நிற்கிற வேலை, ஞாயிறு விடுப்புக்கு எல்லோரும் அடித்துக்கொண்டார்கள், மிச்சமிருந்த வெள்ளி எனக்கு வந்தது, வெள்ளியில் என்ன செய்வது என்று தெரியவில்லை, பாயில் படுத்துச் சுவரைப் பார்த்தேன், பொருள் வாங்கப் பயம், எது வாங்கினாலும் அது உடைகிற சத்தம் முன்னாலேயே கேட்டுவிடுகிறது, கேட்காத காதில்தான் பலமாகக் கேட்கிறது, என்னால் தாங்க முடியாது என்றபோது ரோஸ்லின் அக்கா கையைப் பிடித்துச் சந்தைக்கு இழுத்துப் போனாள்.

ரயில்வே தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் யாருடையவோ வீடுகள் கடைபரப்பிக் கிடந்தன, இடித்த வீட்டுக் கதவுகள், செத்தவர்களின் மூக்குக்கண்ணாடிகள், கல்யாணப் பெயர் வெட்டிய தூக்குச்சட்டிகள், மஸ்தான் பாய் என்பவரின் கோணித்துணியில் ஒரு பீங்கான் தட்டு, நீலப்பூ போட்டது, நடுவே மயிரிழைக் கீறல், எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன், மறுபடியும் எடுத்தேன், அது வுட்டுப்போனதும்மா, சும்மா எடுத்துகினு போ என்றார் பாய், உடைஞ்சிடுமா பாய் என்று கேட்டேன், ஒடைய வேண்டியது அப்பவே ஒடைஞ்சிருச்சி, இனிமே எங்க ஒடையப்போவுது என்று சிரித்தார், அன்று அந்தத் தட்டில் ரசம் சோறு போட்டுச் சாப்பிட்டேன், கீறலுக்குள் மஞ்சள் ஏறியது, கழுவிக் கவிழ்த்து வைத்தேன், காலையில் எழுந்து பார்த்தேன், வைத்த இடத்திலேயே இருந்தது, இதற்கா ஒருத்தி அழுவாள், அழுதேன்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன, ஒன்றோடொன்று சேராத தட்டுகள் வந்தன, ஏதோ பழைய வீட்டு ஜன்னலிலிருந்து பெயர்த்த பச்சைக் கண்ணாடிச் சட்டம் வந்தது, அதை மேற்கு ஜன்னலில் சாய்த்து வைத்தால் சாயங்காலம் தரை குளமாகிவிடும், அந்தப் பச்சையில் என் பாதங்களை வைத்து எடுத்து வைத்து எடுத்து விளையாடுவேன், கடையில் கழித்த புடவைத் துண்டு திரைச்சீலை ஆயிற்று, ஒயர் பின்னிய நாற்காலி ஒன்று கிடைத்தது, அறுந்த இடத்தில் நானே வேறு நிற ஒயர் வாங்கிப் பின்னினேன், நாளெல்லாம் நின்ற கால்களோடு வந்து அதில் உட்காரும்போது உள்ளங்காலிலிருந்து ஒரு முனகல் மேலேறி வரும், அதைப்போல ஒரு சுகத்தை என் உடம்பு அதுவரை அறிந்ததில்லை, கடைசியாக வந்தது அந்தக் கண்ணாடி, தேக்குச் சட்டம், மூலைகளில் கரும்புள்ளி விழுந்த பழைய ரசம், வானத்தோடு சேர்த்து மாடியேற்றிச் சுவரில் மாட்டினேன், ரோஸ்லின் அக்கா அதன் முன்னால் நின்று, பரவாயில்லடி, இதுல நான் கொஞ்சம் வெளுப்பாத் தெரியறேன் என்றாள், ஆனால் பகலில் கண் அயர்ந்தால் திருவொற்றியூர் வந்துவிடும், அந்த வீட்டுச் சுவர்கள் நகர்ந்து வந்து இந்த அறையைச் சுற்றி நிற்கும், யாரோ கைக்கடிகாரத்தைக் கழற்றுவார்கள், திடுக்கிட்டு எழுந்து ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்ப்பேன், தட்டு இருக்கிறது, பச்சை இருக்கிறது, நான் இருக்கிறேன்.

அப்படித் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்த ஒரு வெள்ளி மத்தியானம்தான் அவன் வந்தான், கனவின் மிச்சம் என்றுதான் நினைத்தேன், வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தான், கையில் மல்லிகைப்பூப் பொட்டலம், இளைத்திருந்தான், ஜவுளிக் கடையில யாரோ பாத்து சொன்னாங்க, ஒரு வருசமா தேடறேன் தெரியுமா என்றான், குரலில் கோபமே இல்லை, நான் கத்தியிருக்கலாம், ஸ்டவ்வின் தீயைக் குறைத்தேன், அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான், மெல்ல, ஒவ்வொன்றாக, தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து வைத்தான், பச்சைக் கண்ணாடியை விரலால் சுண்டினான், அவன் சுண்டிய இடத்தில் என் பல் கூசியது, சூப்பரா வெச்சிருக்க வூட்ட என்றான், சத்தியமா, எனக்குத் தெரியாமப் போச்சி உனக்கு இவ்ளோ தெரியும்னு, இந்த மாரி அங்க வெச்சிருந்தா நான் ஏன் வெளிய சுத்தப்போறேன் என்றான், அவன் கண் கலங்கியது, நிஜமாகவே கலங்கியது, அதுதான் அடியைவிடப் பயமாக இருந்தது, போய் ஒயர் நாற்காலியில் உட்கார்ந்தான், சாய்ந்தான், ஆ என்றான், என் முனகல் அது, என் உள்ளங்காலின் முனகல், அவன் வாயிலிருந்து வருகிறது.

டீ போடேன் என்றான், என் கைகள் பழக்கத்தில் போட்டன, இஞ்சியைத் தட்ட இரும்புக் குட்டி உலக்கையை எடுத்தேன், அவன் பேசிக்கொண்டே இருந்தான், நாளைக்கே துணிமணி எடுத்தாந்துடறேன், அங்க காலி பண்ணிடலாம், இந்தக் கண்ணாடிய அந்தப் பக்கம் மாத்திட்டா டிவி வெக்க எடம் வரும் என்றான், சட்டையைக் கழற்றித் திரைச்சீலைக் கம்பியில் போட்டான், பிறகு சாவகாசமாக, பேச்சை நிறுத்தாமலே, கைக்கடிகாரத்தைக் கழற்றினான், வியர்வைக்காகக் கழற்றியிருப்பான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், ஜன்னல் விளிம்பில், பச்சைக்குப் பக்கத்தில், பத்திரமாக வைத்தான்.

எந்திரி என்றேன், அவனை ஒருமையில் சொன்னது அதுதான் முதல் தடவை, என்னா என்றான், சிரித்தான், எந்திரி என் நாற்காலியிலிருந்து என்றேன், அவன் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டான், அப்போதுதான் என் கை உலக்கையை வீசியது, அவன் மேல் இல்லை, கண்ணாடியின் மேல், வானம் முழுவதும் ஒரே சத்தத்தில் தரைக்கு வந்தது, ஏய், பைத்தியமா என்று எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தான், அறை விழுந்தது, வலிக்கவில்லை, பச்சைக் கண்ணாடியை அடித்தேன், அது சட்டத்தோடு சாய்ந்து அவன் கடிகாரத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்து நொறுங்கியது, அவன் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான், புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது, அந்தச் சிவப்போடே தட்டுகளை எடுத்தேன், முதலில் நீலப்பூ, அதற்கப்புறம் மற்றவை, ஒவ்வொன்றையும் தலைக்கு மேலே தூக்கித் தரையில் அறைந்தேன், இது உனக்கில்ல, இதும் உனக்கில்ல, இதும் இல்ல என்று கத்தினேன், என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது, பருப்பு ஜாடிகள் வெடித்தன, துவரையும் உளுந்தும் சிதறி ஓடின, சில்லுகளின் மேலே நடந்தேன், காலில் ஏறுவது தெரிந்தது, நின்றால் அவன் அடிப்பான், நடந்தால் அவன் பின்வாங்குகிறான், ஆமாம், பின்வாங்கினான், வெறுங்காலோடு ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய் நாற்காலியில் முட்டி, அதன்மேல் ஏறி நின்றுகொண்டான், சட்டையில்லாத அந்த ஆள், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, ஒயர் அவன் பாரத்தில் தொய்ய, வேணாம், நிறுத்து, நிறுத்துடி என்றான், பிறகு வேறு ஒரு குரலில், திருவொற்றியூர் வீட்டில் நான் பேசிய குரலில், செருப்ப மட்டும் எடுத்துக் குடு, போயிடறேன் என்றான்.

உடைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை, மூச்சு வாங்கியது, வாசலில் ஜோடியாக இருந்த செருப்பைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன், நடந்து போ என்றேன், நான் நடக்கறேன் பாரு, அதே மாதிரி நட, அவன் இறங்கினான், முதல் அடியிலேயே அலறினான், சுவரைப் பிடித்துக்கொண்டு போனான், சட்டையை எடுக்கவில்லை, கடிகாரத்தைத் தேடவில்லை, பருப்புக்கு நடுவே ஈரச் சிவப்பில் அவன் பாதங்கள் கதவுவரை போயின, படியில் திமுதிமுவென்று ஆள்கள் ஏறி வரும் சத்தம், அவர்களுக்கு முன்பே பக்கத்து அறையிலிருந்து ரோஸ்லின் அக்கா, அவள் கையில் என்ன கிடைத்ததோ அதை எடுத்து வந்திருக்கிறாள், முடி உலர்த்தும் மெஷின், ஒயர் பின்னால் இழுபட, அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள், என் வீட்டுக்குள் பார்த்தாள், அடிப்பாவி, எல்லாத்தையும் ஒடச்சிட்டானா என்று அழுதாள், இல்லக்கா என்றேன், நான்தான்.

அவள் என்னைத் தன் அறைக்கு இழுத்துப் போய்ப் பாதத்தை மடியில் வைத்துப் புருவம் திருத்தும் சாமணத்தால் சில்லு எடுத்தாள், பச்சை வந்தது, நீலம் வந்தது, ரசம் பூசியது வந்தது, ஒவ்வொன்றுக்கும் அவள் ஸ்ஸ் என்றாள், எனக்குப் பதிலாக அவளே வலித்துக்கொண்டாள், ஆஸ்பத்திரியில் புருவத்துக்குத் தையல் போடும்போது எப்டிம்மா ஆச்சு என்று கேட்டார்கள், புருசன் செவுத்துல மோதினான் என்றேன், அந்த வாக்கியம் அவ்வளவு சின்னது, இத்தனை வருடம் வாய்க்குள் அடங்காமல் இருந்தது, மறுநாள் மகளிர் காவல் நிலையத்துக்கு ஆட்டோவில் போனோம், எழுதிக் கொடுத்தோம், விவாகரத்துக்கு அவன் தகராறு செய்யவில்லை, அவளுக்குப் பேய் புடிச்சிருக்கு, சாமி, நமக்கு வேணாம் என்று அவன் அண்ணனிடம் சொன்னானாம், சொல்லட்டும், பேய் என்றே இருக்கட்டும் என்றாள் ரோஸ்லின் அக்கா, பேயிருக்கிற வீட்டுக்கு எவன் வருவான்.

கூட்டித் துடைத்தபின் அறை முதல் நாளைப்போல வெறுமையாக இருந்தது, சுவரில் ஆணியும் தொய்ந்த ஒயர் நாற்காலியும் மட்டும், ஆனால் இந்த வெறுமை பயமாக இல்லை, இதைச் செய்தது நான், கால் ஆறியதும் சந்தைக்குப் போனேன், மஸ்தான் பாயைத் தாண்டி, தட்டுகளைத் தாண்டி, இதுவரை போகாத கோடிக்குப் போனேன், கட்டில்கள் நிற்கிற இடம், திருவொற்றியூரில் கட்டில் என்றால் எனக்கு வேறு, அதை இங்கே எழுதமாட்டேன், அதனால்தான் இத்தனை நாள் பாயில் கிடந்தேன், துருப்பிடித்த இரும்புக் கட்டில் ஒன்றின்மேல் கையை வைத்தேன், குளிர்ந்தது, ஒத்தக் கட்டில்மா அது, ஒராளுதான் படுக்கலாம், டபுள் இந்தப் பக்கம் இருக்கு என்றான் கடைக்காரன், இதுதான் வேணும் என்றேன்.

இப்போது அது மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, நான் மேலே, ரோஸ்லின் அக்கா கீழே, நடுவே கட்டிலின் நாலு காலும் நாலு திசையில், கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பு உதிர்கிறது, அக்காவின் முகத்தில் துரு, ஒரு கால் வழுக்கிப் படியில் உட்கார்ந்துவிட்டாள், மூச்சு இரைக்கிறாள், அப்புறம் சிரிக்கிறாள், அவளைப் பார்த்து எனக்கும் வருகிறது, கட்டிலை விட முடியாமல் பிடித்துக்கொண்டே சிரிக்கிறேன், தையல் போட்ட புருவம் இழுக்கிறது, கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறார், அடியே, ஏறுமா ஏறாதா, இப்பவே சொல்லிடு, நான் வேலைக்குப் போவணும் என்கிறாள் அக்கா, ஏறும் அக்கா, உங்க பக்கம் கொஞ்சம் தூக்குங்க என்கிறேன்.