பெரியவள் அழித்த வரிகள்

திரைச்சீலைக் கடையின் இணையதளத்தை ஐந்து வருஷமாகக் கவனித்துக்கொள்பவள் மூத்த மருமகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியவள். சில மாதங்களுக்கு முன்பு கல்யாணமாகி வந்த சின்னவள், ஜன்னல் அளவைப் போட்டால் எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று சொல்லும் ஒரு பக்கத்தை எழுதிச் சேர்த்தாள். அன்றிலிருந்து மாமியாரின் வாயில் சின்னவள் பேச்சுதான். "மூளைன்னா அது மூளை!" என்று துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. ஐந்து வருஷத்தில் ஒரு நாளாவது அவள் மூளையைப் பற்றி யார் பேசினார்கள்?

இன்று காலை சின்னவள் தையல் அறைக்குப் போன நேரம் பார்த்து, அந்தப் பக்கத்துக்கான கோப்பின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டாள். அது மட்டும் படுக்கட்டும், நாலு நாள் பேச்சு அடங்கட்டும் என்று நினைத்தாள். ஆனால் சின்னவள் அந்தக் கோப்பைத் தளத்தின் முகப்புப் பக்கத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். முழுத் தளமும் படுத்துவிட்டது.

கால் மணி நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது.

"என்னடி பெரியவளே, கடை திறக்கவே மாட்டேங்குதாமே?" மாமியார் வாசலிலிருந்து கத்தினாள்.

"சர்வர்ல ஏதோ கோளாறு அத்தை."

"எரர் லாக்கைப் பாருங்கக்கா!" தையல் அறையிலிருந்து சின்னவளின் குரல். "எது உடைஞ்சது, எத்தனை மணிக்கு உடைஞ்சதுன்னு வரி வரியா இருக்கும். இந்த மடிப்பை முடிச்சுட்டு வந்துடறேன்."

எத்தனை மணிக்கு! பிழைகளைப் பதிந்துவைக்கும் அந்த லாக்கைப் பெரியவள் திறந்தாள். கோப்பைக் காணவில்லை என்று புலம்பும் முதல் வரியின் நேரம், பதினொன்று நாற்பத்திரண்டு. அப்போது கணினி முன்னால் அவள் ஒருத்திதான் இருந்தாள். அது வீட்டுக்கே தெரியும்.

லாக்கை மொத்தமாக அழித்தாள். மூச்சு விடுவதற்குள் மறுபடி ஒரு வரி முளைத்தது. எங்கோ ஒருவர் திரைச்சீலை வாங்க வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார். மறுபடி அழித்தாள். மூன்று வரிகள். முகம் தெரியாத வாடிக்கையாளர்கள் வரிசை கட்டி வந்து அவளைப் போட்டுக்கொடுத்தார்கள்.

வேறு வழியில்லாமல், கூட்டிய எழுத்தை எடுத்தாள். லாக் அடங்கியது. அதே சமயம் சின்னவள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமியாரின் போனில் கடை திறந்தது.

"பாத்தியா! அவ வந்து உக்காந்ததுமே சரியாயிடுச்சு. கைராசிக்காரி!"

நான்தான் சரிசெய்தேன் என்று பெரியவள் எப்படிச் சொல்வாள்? எதைச் சரிசெய்தாய் என்று கேட்பார்களே.

சின்னவள் லாக்கைப் பார்த்தாள். இப்போது அதில் முதல் வரியே பன்னிரண்டு பத்துக்குத்தான். "பன்னெண்டுக்கு முன்னாடியே போன் வந்துச்சே..." என்று முணுமுணுத்தவள் பாதியில் நிறுத்தினாள். பெரியவளின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு லாக்கை மூடினாள்.

"நான் ஒண்ணுமே பண்ணல அத்தை. அக்காதான் கண்டுபிடிச்சு சரி பண்ணாங்க."

"அப்படியா? பரவாயில்லையே பெரியவளே, கெட்டிக்காரிதான் நீ!"

ஐந்து வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. சின்னவள் உடுத்திக் கழற்றிக் கொடுத்த துணி மாதிரி வந்து சேர்ந்தது. பெரியவள் தலையாட்டினாள். சின்னவளுக்கு மூளை மட்டும் என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அந்த நல்ல மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே!