எம்மெட் பிடித்த பந்து

நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் என் கண்ணையே நான் சந்தேகிப்பேன். மைதானத்தின் இடதுபுறக் கோடியில், பெண்களுக்கான பெஞ்சில். என் அண்ணன் எம்மெட் எங்களுக்கு நேர் எதிரே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நின்றான். வெயில் என் முதுகுப்பக்கம்.

எங்கள் ஊர் அணியோடு ஆட வந்திருந்தது சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடும் வெளியூர் அணி. அதில் ஒருவனுக்கு விரல் முறிந்துவிட்டது. அப்படி ஆள் குறைந்தால் ஆடும் ஊரிலேயே ஒருவனை எடுத்துக்கொள்வது வழக்கம். அவர்கள் மேலாளர் ஹாகர்ட்டி, அண்ணன் வேலை பார்த்த தோல் ஆலை வாசலுக்கே வந்து எம்மெட்டைக் கேட்டார்.

"இன்னிக்கு நல்லா ஆடு தம்பி. சாயங்கால ரயில்ல உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

அண்ணன் உடனே பையைக் கட்டிவிட்டான்.

ஊர்க்காரர்கள் சும்மா விடவில்லை. "டேய் எம்மெட், எந்த ஊரு ரொட்டிடா தின்னு வளந்தே?" "தள்ளி நில்லுடா, தோல் நாத்தம் தாங்கல." அவன் சிரித்தபடியே ஆடினான்.

கடைசிப் பந்து. பிடித்தால் வெளியூருக்கு வெற்றி, விழுந்தால் எங்களுக்கு. எம்மெட் ஓடிச் சரிந்து வெறுங்கையால் பிடித்தான். கைக்கும் புல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

தூரத்தில் நின்ற அம்பயருக்குத் தெரியவில்லை. அப்படியானால் பார்வையாளர்களைக் கேட்கலாம் என்பது விதி. நாற்காலிகளில் இருந்த பெரிய மனிதர்களிடம் வந்து கேட்டார். என் மாலை வகுப்பு ஆசிரியர் பர்செல்தான் முதலில் எழுந்தார்.

"தரையில பட்டுச்சுங்க. நல்லாவே பார்த்தேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து, இல்லை என்று கத்தினேன்.

"அவ அவன் தங்கச்சி. வேற எப்படிச் சொல்லுவா?" என்றது ஒரு குரல். சிரிப்பு.

ஹாகர்ட்டி அண்ணனிடம் வந்தார். "சொந்த ஊர்ப் பாசம், இல்ல? வேணும்னே விட்டுட்டே." ரயில் அவனில்லாமல் போனது. பணம் வாங்கி அவன் ஆடியது அந்த ஒரே ஆட்டம்.

மறுநாள் வகுப்பில் பர்செல் கேட்டார்: "அடீலியா, உங்க அண்ணன் வருத்தப்படலையே?"

"அவன் பிடிச்சானா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க சார்."

"பிடிச்சான்மா. என்னா பிடி! நம்ம ஊருப் பையனாச்சே."

பெருமையாகச் சொன்னார். அந்த நேரம் அண்ணன் ஆலையில் மாட்டுத்தோலில் மயிர் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப ஹாகர்ட்டிகிட்ட வந்து சொல்லுங்க. அடுத்த ஊர்லதான் இருக்காரு."

"முடிஞ்ச ஆட்டம்மா அது. கணக்கப் போடு."

என் சிலேட்டை அவர் மேசைமேல் வீசிவிட்டு வெளியே வந்தேன். உடையட்டும் என்றுதான் வீசினேன். உடையவில்லை.