அம்மா கும்பிட்ட யானை

மீனாம்பிகை களிமண்ணில் பிடித்த தோட்டக்காரனுக்குக் கால் இரண்டும் உலக்கை போல இருந்தன. அது வேண்டுமென்றே செய்தது. மெல்லிய கால் என்றால் நிற்கமாட்டான். நில்லாதவன் நடப்பது எப்படி? ஆனால் அதை யார் பார்த்தார்கள்? நீர்வேலியில் அவளுடைய வீட்டு விறாந்தைக்கு வந்த எல்லாருடைய கண்ணும் நேரே பெர்னடெட்டின் யானைக்கே போனது.

பெர்னடெட் குருநகர்ப் பிள்ளை. ஷெல்லடிக்குப் பயந்து குடும்பத்தோடு வந்து, பத்தாம் வகுப்பில் மீனாம்பிகைக்குப் பக்கத்து வாங்கில் இருந்தாள். அவளுடைய சித்தப்பா மரியரட்ணத்திடம் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற கமரா இருந்தது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இருவருமாகக் களிமண் படம் ஒன்று எடுப்பதென்று முடிவானது. யானை வாழைத்தோட்டத்துக்குள் புகுந்து குலையைத் தின்னும், தோட்டக்காரன் கலைப்பான். அவ்வளவுதான் கதை. உருவை மயிரளவு நகர்த்தி, கமராப் பொத்தானை அமத்தி உடனே விட வேண்டும். பிறகும் நகர்த்தி, பிறகும் அமத்த வேண்டும். வெங்காயம் நடுகிற மாதிரி முதுகு விட்டுப்போகும். ஆமி ஹெலிகொப்டர் வந்து சுற்றினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உள்ளே ஓட வேண்டும்.

"யாழ்ப்பாணத்திலை யானை எங்கையடி கிடக்கு? மாடு செய்வம்," என்று மீனாம்பிகை முதலிலேயே சொல்லிப் பார்த்தாள்.

"மாட்டை எல்லாரும் வீட்டிலை பாக்கினம்தானே," என்றாள் பெர்னடெட்.

அவளுடைய விரலில் என்னதான் இருந்ததோ. தோட்டத்தால் வந்த மீனாம்பிகையின் தகப்பன் கந்தப்பு, மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் குந்தியிருந்து பார்த்தார்.

"இஞ்சை பாரன், உந்தப் பிள்ளையின்ரை யானை மூச்செல்லோ விடுது!"

"அப்பா, என்ரை ஆளைப் பாத்தனீங்களே?"

"ஓமோம், அதுவும் நல்லாத்தான் இருக்கு."

அன்றிரவு மீனாம்பிகைக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை பாதிப் படம் முடிந்தது. யானை தின்று களைத்து, வயிறு தள்ள, துதிக்கையை மடித்துக்கொண்டு குந்திவிட்டது. முன்னால் மிச்சமாய் ஒரு வாழைப்பழச் சீப்பு. சித்தப்பாவுக்குக் கலியாண வீடுகள். இனி ஞாயிறுதான் வருவார். அதுவரை மண் காய்ந்து வெடிக்கக்கூடாது. காற்றுப் படாத குளிர்ந்த இடம் சாமி அறைதான். யானையை ஒரு தட்டத்தில் இருத்தி, ஈரச்சீலையால் மூடி அங்கே வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்த மீனாம்பிகைக்கு வாசலிலேயே கற்பூரம் மணத்தது. சீலையைக் காணவில்லை. யானையின் நெற்றியில் சந்தனப் பொட்டு. தலையில் அறுகம்புல்.

கும்பிட்ட கையோடு திரும்பினாள் அம்மா குணலட்சுமி.

"நீயோ பிள்ளை பிடிச்சனி? பிள்ளையார் உயிரோடை இருக்கிற மாதிரியெல்லோ இருக்கிறார். கண் என்ன வடிவடி!"

அது பிள்ளையார் இல்லை, யானை. பிடித்தது நான் இல்லை, பெர்னடெட். இதைச் சொல்ல எவ்வளவு நேரம்? ஆனால் தன் அம்மாவும் அவளுடைய யானையைத்தான் கும்பிட்டிருக்கிறாள் என்ற எரிச்சலில் வாய் வேறொன்று சொன்னது.

"ஓம் அம்மா. நான்தான்."

"உனக்குக் கைவேலை வராதெண்டெல்லோ நினைச்சிருந்தன்." அம்மா கன்னத்தைத் தடவினாள். "கும்பிட்ட உருவை இனிக் கண்டபடி வைச்சிருக்கக் கூடாது. பொழுதுபட முன்னம் கேணியிலை கரைச்சுவிடுவம்."

அப்போதாவது தடுத்திருக்கலாம். யானை போனால் மிச்சப் படத்தில் தோட்டக்காரன் மட்டும்தான் இருப்பான் என்று நினைத்தபோது, அந்த நினைவு பனங்கட்டி மாதிரி இனித்தது. தட்டத்தை மீனாம்பிகையே தூக்கிக்கொண்டு போனாள். தண்ணீருக்குள் முதலில் துதிக்கை கழன்றது. பிறகு காது. அந்த வயிறு மட்டும் கரைய நெடுநேரம் எடுத்தது.

யானை கரைந்த கதையை மட்டும் சொன்னாள், தான் சொன்ன பொய்யை விட்டுவிட்டாள். பெர்னடெட் கோபிப்பாள் என்றுதான் பார்த்தாள். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ரை யானை சாமியாப் போச்சோ! எங்கடை பாதருக்குத் தெரிஞ்சால் எனக்கெல்லோ பூசை விழும்! சரி விடடி, இன்னொண்டு பிடிக்கிறன்."

"வேண்டாம். யானை ஓடிட்டுது எண்டு வைப்பம். என்ரை ஆள் தேடி நடக்கட்டும்."

பெர்னடெட் அவளை ஒரு கணம் பார்த்தாள். "சரி," என்றாள்.

கண்காட்சியன்று ரீவிப் பெட்டிக்கு முன்னால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் நிலத்தில் குவிந்திருந்தார்கள். யானை வந்ததும் ஒரே ஆரவாரம். தின்றது, குந்தியது, போனது. தோட்டக்காரன் வந்தான். உலக்கைக் காலால் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வாழைக்கு வாழை நுழைந்து நடந்தான்.

"யானை எங்கை?" என்றது ஒரு குரல்.

"யானையைக் காட்டுங்கோ!" என்று எல்லாருமாகக் கத்தினார்கள். தோட்டக்காரன் நடந்துகொண்டேயிருந்தான். அவனை யாரும் பார்க்கவில்லை.

படம் முடிந்ததும் சித்திரப்பாட மிஸ் வந்தா. "அந்த யானை ஆரின்ரை வேலை?"

பின்னால் நின்ற குணலட்சுமி முந்திக்கொண்டாள். "என்ரை மகள்தான் மிஸ். முதலிலை பிள்ளையாராப் பிடிச்சவள்."

மிஸ் பெர்னடெட்டைத் திரும்பிப் பார்த்தா. அவள் முகம் சிவந்துபோயிருந்தது. இனி எல்லாம் வெளியே வரப்போகிறது என்று மீனாம்பிகை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் மிஸ்," என்றாள் பெர்னடெட். "மீனாதான் செய்தவ."

மிஸ் முதுகில் தட்டிக்கொடுத்தா. மீனாம்பிகைக்கு அந்த இடம் எரிந்து காந்தியது. பெர்னடெட் சண்டை பிடித்திருக்கலாம், கள்ளி என்று கத்தியிருக்கலாம், எல்லாருக்கும் முன்னால் காதைப் பிடித்துத் திருகியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல், இந்தப் பேரையும் அவளே தந்துவிட்டு, கமரா வயரைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறாள் பாவி.